பொம்மையின் உச்சியில் ஓட்டை!

குழந்தையின் விரல் சும்மா இருக்காது. எங்கே சந்து இருக்கிறதோ, அங்கே நுழையும்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை. அம்மா ஆசையோடு ஒரு கோழிக்குஞ்சு பொம்மை பின்னிக் கொடுத்தாள். மஞ்சள் நிற உல்லன் நூல். உள்ளே பஞ்சு. குழந்தைக்கு ஒரே குதூகலம்! தூங்கும்போது கூடப் பொம்மையை விடவில்லை.

மூன்றாம் நாள். குழந்தையின் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு இருந்தது. பார்த்தால், பஞ்சு!

பொம்மையின் உச்சந்தலையில் ஒரு சின்ன ஓட்டை. குழந்தை அதில் விரலை விட்டு நோண்டியது. பஞ்சை இழுத்து, வாயில் போட்டுக்கொண்டது. நல்ல வேளை, பாட்டி பார்த்து விட்டாள். வாயில் இருந்த பஞ்சை விரலால் வழித்து எடுத்தாள்.

"இதை எப்படியடி தொடங்கினாய்?" என்று பேத்தியைக் கேட்டாள்.

"நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் பாட்டி. ஆறு சங்கிலி போட்டேன். அதை வளையமாக மூட்டினேன். அதற்கு மேல் பின்னினேன்."

"அது மேஜை விரிப்புக்குச் சொன்னது அல்லவா? விரிப்புக்கு நடுவில் ஓட்டை இருந்தால் அழகு. பொம்மைக்கு அது வாசல் ஆயிற்றே!"

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பின்னல் பொம்மை செய்கிற பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கண் வைப்பார்கள், மூக்கு வைப்பார்கள், காது வைப்பார்கள். எல்லாம் அழகாக இருக்கும். தொடக்கம் மட்டும் ஓட்டையாக இருக்கும்.

ஓட்டை இல்லாமல் தொடங்குவது எப்படி? ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

ஜப்பான் பெயர்

நுனியில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசியால் பின்னுவது குரோஷா வேலை. பிரெஞ்சு மொழியில் "குரோஷே" என்றால் சின்னக் கொக்கி என்று பொருள். அதுதான் நம் ஊரில் குரோஷா ஆயிற்று. தாம்பாளத்தின் மேல் போடும் விரிப்பு, ரேடியோப் பெட்டியின் மேல் போட்ட விரிப்பு, குழந்தையின் குல்லாய் எல்லாம் நம் வீட்டுப் பெண்கள் இந்த ஊசியால் பின்னியவைதான்.

இதே ஊசியால் பஞ்சு அடைத்த பொம்மை செய்வதை ஜப்பானியர்கள் "அமிகுருமி" என்கிறார்கள். "அமி" என்றால் பின்னல். "நுயிகுருமி" என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து அமிகுருமி ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் இந்தப் பெயர் வழங்குகிறது. நம் ஊரிலும் பெண்கள் கைபேசியில் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். சிலர் செய்து விற்கவும் விற்கிறார்கள்.

விரிப்பு தட்டையாக இருக்கும். பொம்மை உருண்டையாக இருக்கும். உள்ளே பஞ்சு இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டினால்தான் தொடக்கமும் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

என்ன என்ன வேண்டும்?

உல்லன் நூல் அல்லது பருத்தி நூல் ஒரு பந்து. பழகுகிறவர்கள் வெளிர் நிற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூலில் பின்னல் கண்ணுக்குத் தெரியாது.

குரோஷா ஊசி ஒன்று. நூல் பந்தைச் சுற்றி ஒட்டிய தாளில், எந்த அளவு ஊசி என்று போட்டிருக்கும். பொம்மைக்கு அதைவிட ஒன்றிரண்டு அளவு சிறிய ஊசியை எடுங்கள். தாளில் 4 மில்லிமீட்டர் என்று இருந்தால், 3 மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். பின்னல் நெருக்கமாக விழும். பஞ்சு வெளியே தெரியாது.

ஒரு ஊக்கு. கம்பளி தைக்கிற பெரிய கண் ஊசி ஒன்று. ஒரு கத்தரிக்கோல். பஞ்சு.

எந்தப் பஞ்சு? தலையணைக்கு இலவம் பஞ்சு நல்லது. ஆனால் குழந்தைப் பொம்மையை அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் இலவம் பஞ்சு கட்டி தட்டி விடும். ஆகவே பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சு வாங்குங்கள். துவைக்கலாம். சீக்கிரம் காயும்.

இழுத்தால் மூடும் வளையம்

இப்போது ஊசியை எடுங்கள்.

சுருக்குப் பை தெரியும் அல்லவா? பாட்டிமார்கள் இடுப்பில் செருகி இருப்பார்களே, அதுதான். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். பொம்மையின் தொடக்கமும் அதே சுருக்குத்தான்.

முதலில், நூலின் நுனியில் ஒரு சாண் நீளம் விட்டு விடுங்கள். இதை "வால்" என்று வைத்துக்கொள்வோம். மறு பக்கம் பந்தில் இருந்து வருகிற நூல்.

வாலுக்கு அடுத்த இடத்தில், நூலை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வளையுங்கள். முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு நூலும் ஒன்றன் மேல் ஒன்று படுகிற இடத்தை, இடது கைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து நூல் வளையத்தின் பின்பக்கம் இருக்கட்டும்.

ஊசியை வளையத்துக்குள் முன்பக்கம் இருந்து விடுங்கள். பின்னால் இருக்கிற பந்து நூலைக் கொக்கியில் மாட்டி, வளையத்தின் வழியாக முன்னால் இழுங்கள். மறுபடியும் பந்து நூலை மாட்டி, ஊசியில் உள்ள சுருக்கு வழியாக இழுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று. இது வளையம் அவிழாமல் பிடித்துக்கொள்ளும். இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி ஒற்றைப் பின்னல். ஊசியை வளையத்துக்குள் விடுங்கள். பந்து நூலை மாட்டி இழுங்கள். ஊசியில் இரண்டு சுருக்கு நிற்கும். மறுபடி நூலை மாட்டி, இரண்டு சுருக்கு வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரு கண்ணி முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வளையத்து நூலும் வால் நூலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டையும் சேர்த்து அணைத்துப் பின்ன வேண்டும். வாலை வெளியே விட்டு விட்டால் சுருக்கு இறுகாது.

இப்படி ஆறு கண்ணி பின்னுங்கள். பிறகு வாலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். என்ன ஆச்சரியம்! வளையம் சுருங்கிச் சுருங்கி, நடு ஓட்டை இருந்த இடமே தெரியாமல் மூடி விடும். ஆறு கண்ணியும் பூவிதழ் போல வட்டமாக நிற்கும்.

முதல் தடவை சரியாக வராது. நூல் நழுவும். வளையம் பிரியும். கவலை வேண்டாம். பிரித்து விட்டு மறுபடி போடுங்கள். நாலைந்து தடவை போட்டால் கைக்குப் பிடிபட்டு விடும்.

கை பழகும் வரை இன்னொரு வழியும் உண்டு. இரண்டு சங்கிலி போடுங்கள். ஊசியில் இருந்து இரண்டாவது சங்கிலியில், ஒரே இடத்தில் ஆறு கண்ணி பின்னுங்கள். இதில் குண்டூசித் தலை அளவு துளை நிற்கும். நெருக்கமாகப் பின்னினால் அதுவும் அவ்வளவாகத் தெரியாது. நாலு, ஆறு சங்கிலியை வளையமாக மூட்டுவது மட்டும் பொம்மைக்கு ஆகாது.

ஏன் ஆறு?

ஐந்து போட்டால் என்ன? எட்டுப் போட்டால் என்ன? எல்லாரும் ஆறு, ஆறு என்கிறார்களே, ஏன்?

இது பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு வட்டத்தின் நடுவில் இருந்து விளிம்பு வரை உள்ள தூரம் ஒரு அங்குலம் கூடினால், அதன் சுற்றளவு ஏறக்குறைய ஆறேகால் அங்குலம் கூடும். வட்டம் சிறியதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது.

ஒற்றைப் பின்னலில் ஒரு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சுற்றுப் பின்னினால் வட்டம் ஒரு கண்ணி உயரம் வளர்கிறது. ஆகவே சுற்றளவு ஆறேகால் கண்ணி வளர வேண்டும். கால் கண்ணி பின்ன முடியுமா? முடியாது. ஆகவே ஆறு!

முதல் சுற்றில் 6. இரண்டாம் சுற்றில் 12. மூன்றாம் சுற்றில் 18. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டினால், பின்னல் தோசை போலத் தட்டையாக விரியும். கூட்டாமல் பின்னினால் கிண்ணம் போலக் குவியும். ஆறுக்கு மேல் அதிகமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓரம் அலை அலையாகச் சுருண்டு விடும்.

இந்த அலையை வைத்துக் கணக்குப் பாடமே நடத்தினார் ஒரு பெண்மணி! அவர் பெயர் டைனா தைமினா. லாட்வியா நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். கணிதத்தில் ஒரு விதமான வளைந்த பரப்பு உண்டு. அதை மாணவர்களுக்குத் தாளில் செய்து காட்டினால் கிழிந்து விடும். 1997-ஆம் ஆண்டு அவர் குரோஷா ஊசியை எடுத்தார். கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே பின்னினார். அந்தப் பரப்பு கையில் பிடித்துப் பார்க்கும்படி வந்து விட்டது!

பின்னலில் கணக்குத் தப்பினால் வடிவம் தப்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கோழிக்குஞ்சு பின்னுவோம்

ஒரு சின்னப் பந்து பின்னக் கற்றுக்கொண்டால் போதும். கோழிக்குஞ்சு, ஆப்பிள், பூனைத் தலை எல்லாம் அதில் இருந்து வந்து விடும். மஞ்சள் நூலை எடுங்கள். கணக்கு இதோ:

முதல் சுற்று: இழுப்பு வளையத்தில் 6 கண்ணி.

2-ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னுங்கள். மொத்தம் 12.

3-ஆம் சுற்று: ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. இப்படியே சுற்றி வாருங்கள். மொத்தம் 18.

4-ஆம் சுற்று: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 24.

5-ஆம் சுற்று: மூன்று கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 30.

6 முதல் 10 வரை: கூட்டாமல், குறைக்காமல் 30 கண்ணி. இப்போது ஒரு குல்லாய் போல நிற்கும்.

11-ஆம் சுற்று: மூன்று கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். மொத்தம் 24.

12-ஆம் சுற்று: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்த இரண்டை ஒன்றாக்குங்கள். மொத்தம் 18. இங்கே நிறுத்தி, வாலை முடித்து, பஞ்சை அடையுங்கள்.

13-ஆம் சுற்று: ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்த இரண்டை ஒன்றாக்குங்கள். மொத்தம் 12.

14-ஆம் சுற்று: இரண்டிரண்டாகச் சேருங்கள். மொத்தம் 6.

நூலை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். பெரிய கண் ஊசியில் கோத்து, மிச்சம் உள்ள ஆறு கண்ணிகளிலும் நுழைத்து இழுங்கள். சுருக்குப் பை போல மூடிக்கொள்ளும். தொடங்கியது போலவே முடிந்தது!

இரண்டு கண்ணியை ஒன்றாக்கும்போது பெரிய சந்து விழுகிறதே என்பார்கள் சிலர். அதற்கும் வழி உண்டு. கண்ணியின் தலையில் இரண்டு நூல் தெரியும். ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். இரண்டு கண்ணிகளின் முன்பக்க நூலில் மட்டும் ஊசியை விட்டு ஒன்றாக்குங்கள். சந்து தெரியாது.

சுற்றுகளை ஒன்றோடு ஒன்று மூட்ட வேண்டாம். முறுக்குச் சுற்றுவது போலத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும். அப்போது எங்கே தொடங்கினோம் என்பது மறந்து போகும். அதற்குத்தான் ஊக்கு. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஊக்கைக் குத்துங்கள். சுற்று முடிந்ததும் கழற்றி, அடுத்த சுற்றின் முதல் கண்ணியில் குத்துங்கள். வேலை முடிந்ததும் ஊக்கை மறக்காமல் எடுத்து விடுங்கள். பொம்மையில் ஊக்கு இருந்தால் ஆபத்து.

இன்னொரு சங்கதி. நாலைந்து சுற்று ஆனதும் பின்னல் உங்கள் பக்கமாகக் குவியப் பார்க்கும். அப்படியானால் உள்பக்கம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். குல்லாயைத் திருப்புவது போலத் திருப்பி விடுங்கள். நல்ல பக்கத்தில் கண்ணிகள் "வி" எழுத்துப் போல வரிசையாகத் தெரியும். அது வெளியே இருக்க வேண்டும். வால் உள்ளே இருக்க வேண்டும்.

வாலை வெட்டாதீர்கள்!

இதுதான் மிக முக்கியம். வளையம் அழகாக மூடிக்கொண்டது. "இனி இந்த வால் எதற்கு?" என்று கத்தரிக்கோலை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது!

இழுத்தால் மூடுகிற சுருக்கு, தளர்ந்தால் திறக்கும். வாலை ஒட்ட வெட்டி விட்டால், குழந்தை இழுக்க இழுக்க, நீங்கள் துவைக்கத் துவைக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய ஓட்டை எட்டிப் பார்க்கும்.

ஆகவே பஞ்சு அடைப்பதற்கு முன்னால், வாலைப் பெரிய கண் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தில், நடுவில் உள்ள ஆறு கண்ணிகளின் அடியில் ஒரு முழுச் சுற்று நுழைத்து இழுங்கள். பிறகு எதிர்ப் பக்கமாகத் திரும்பி அரைச் சுற்று நுழையுங்கள். ஒரு முடிச்சுப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். அப்போதும் இரண்டு விரற்கடை நீளம் உள்ளே இருக்கட்டும். பருத்தி நூல் வழவழப்பானது. அதற்கு இரண்டு சுற்று நுழைப்பது நல்லது.

டென்மார்க்கில் ஒரு செய்தி

"ஒரு பொம்மைக்கு இத்தனை கட்டுப்பாடா?" என்று கேட்காதீர்கள்.

2013-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் ஒரு நல்ல காரியம் தொடங்கியது. மாதம் நிறையுமுன் பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்கிற குழந்தைகளுக்காக, பெண்கள் ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுத்தார்கள். பொம்மையின் சுருள் கால்கள் தாயின் தொப்புள் கொடியை நினைவூட்டும். அதைப் பிடித்துக்கொண்டால் குழந்தை மூக்குக் குழாயை இழுக்காது என்பது அவர்கள் எண்ணம். இந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. இதனால் குழந்தைக்கு மருத்துவப் பயன் உண்டா என்பது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் அவர்கள் வகுத்த விதிகளைப் பாருங்கள். நூல் முழுக்கப் பருத்தியாக இருக்க வேண்டும். கால்களை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கண் வைக்கக் கூடாது. பஞ்சு வெளியே வருகிற மாதிரி எந்த இடத்திலும் சந்து இருக்கக் கூடாது.

கைப்பிடி அளவு குழந்தைக்கு என்று வகுத்த விதி. நம் வீட்டுக் குழந்தைக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கண் வைக்கும்போது கவனம்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொம்மை என்றால் பொத்தான், மணி, ஒட்டு வைத்த கண் எதுவும் வேண்டாம். பிய்ந்து வந்தால் தொண்டையில் அடைத்து விடும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்து விடுங்கள். ஆரஞ்சு நூலில் நாலு தையல் போட்டால் அலகு வந்து விடும். கோழிக்குஞ்சு தயார்!

ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது, தொட்டிலில் எந்தப் பஞ்சுப் பொம்மையும் போடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது விளையாடட்டும்.

கொடுப்பதற்கு முன்னால் மூன்று சோதனை

முதலாவது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு இடையே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால், ஊசி பெரியது. அடுத்த பொம்மைக்குச் சிறிய ஊசியை எடுங்கள்.

இரண்டாவது, உச்சியில் சுண்டு விரலை வைத்து நன்றாக அழுத்துங்கள். விரல் நுழையக் கூடாது.

மூன்றாவது, காது, அலகு, வால் எல்லாவற்றையும் பிடித்துப் பலமாக இழுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். குழந்தை பார்க்காது!

ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் புத்தகத்தில் "சிங்கிள் குரோஷே" என்பதும், பிரிட்டிஷ் புத்தகத்தில் "டபுள் குரோஷே" என்பதும் ஒரே பின்னல்தான். அதுதான் நாம் மேலே சொன்ன ஒற்றைப் பின்னல். புத்தகம் எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பொம்மை சல்லடை ஆகிவிடும்.

சரி, அந்தக் கோழிக்குஞ்சு என்ன ஆயிற்று என்கிறீர்களா?

பேத்தி அதைப் பிரித்தாள். அதே நூலில் மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை இழுப்பு வளையம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணிகளை எண்ணினாள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு...

"பாட்டி, உங்கள் விரிப்பையும் இப்படித் தொடங்கலாமா?"

"வேண்டாமடி. அதற்கு ஓட்டைதான் அழகு. எது எதற்கு எது என்று தெரிந்தால் போதும்."

மாலையில் குழந்தையின் கையில் புதுக் கோழிக்குஞ்சு இருந்தது. குழந்தை வழக்கம்போல அதன் உச்சியை விரலால் நோண்டிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அதைக் கட்டிக்கொண்டு சிரித்தது.